சொகமா இருக்குன்னு நிறுத்திப்போட்டீராமே!

வாரும் மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காரும். நிழலும் இருக்கு, மோரும் இருக்கு. விசயம் எனக்கு வந்து சேந்துட்டு. மாத்திரை அம்புட்டையும் நிறுத்திப்போட்டீராமே? நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட்டு வச்சு ஆறு மாசம் முழுசா ஆகல. அதுக்குள்ள, "ஒரு தொந்தரவும் இல்ல, சொகமா இருக்கேன், இனி எதுக்கு மருந்து"ன்னு தங்கச்சிகிட்ட வீராப்புப் பேசுனீராம். பேச்சுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. இம்புட்டு லேசான ரோசனை அந்தப் பெரிய டாக்டருக்கு ஏன் தட்டுப்படலன்னுதான் எனக்கு வெளங்கல. பாவம், படிச்சே காலத்தக் கழிச்சுட்டாரு போல.

டப்பாவக் கையோட கொண்டாரச் சொன்னேன்லா? தெறவும். அட, அல்வா டப்பா! நெய் மணம் இன்னும் போகல. அல்வா இருந்த இடத்துலேயே அதுக்கு உண்டான மருந்தும் வந்து உக்காந்திருக்கு, கணக்கு நேராயிட்டு. ஆனா இது என்ன, அட்டை எல்லாம் கத்திரிச்சுக் கத்திரிச்சுக் கெடக்கு? பேரு எழுதுன பக்கம் மெடிக்கல்காரன் கையில, மாத்திரை உள்ள பக்கம் உம்ம கையில. எது என்னன்னு கேட்டா வெள்ளை, சின்ன வெள்ளை, மஞ்சள்ங்கீரு. மொத்தமா ஒரு பேரு வச்சிருக்கீரு, "பிரசர் மாத்திரை". அதுவும் வசதிதான். ஒண்ணை நிறுத்தணும்னாலும் எல்லாத்தையும் நிறுத்திப்புடலாம் பாரும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்ங்கீரா? பேத்தி பார்மசி படிச்சால்லா. பரிச்சைக்கு அவ உரக்கப் படிச்சதெல்லாம் இந்தத் திண்ணையில கெடந்து கேட்டவன் நான். அவ பாஸாயிட்டா. எனக்குத்தான் சர்டிபிகேட்டு வரல.

இந்தா, இந்தச் சின்ன வெள்ளை. ஆஸ்பிரின், 75 மில்லிகிராம். தலைவலிக்குப் போடுத அதே ஆஸ்பிரின்தான், அளவு மட்டும் பொடிசு. ரத்தத்துல தட்டணுன்னு ஒண்ணு மிதக்குது. வெரலு வெட்டுப்பட்டா ஓடி வந்து ஒட்டிக்கிட்டு ரத்தத்த நிறுத்துதது அதுதான். ஒரு தட்டணு இன்னொண்ணைக் கூப்பிட ஒரு ரசாயனத்த வெளியே விடும். அந்த ரசாயனத்தச் செய்யுத நொதியை ஆஸ்பிரின் போயிப் பூட்டிப்புடும். தட்டணுவுக்கு உட்கரு கெடையாது, புது நொதி செஞ்சுக்கிட வழியில்ல. அது சாகுத மட்டும், ஏழு பத்து நாளைக்கு, ஊமைதான். ஆனா எலும்பு மஜ்ஜை சும்மா இருக்குமா? தினமும் பத்துல ஒரு பங்கு புதுசா எறக்கிவிடும். அதுக்குத்தான் தினம் ஒரு மாத்திரை. நீரு நிறுத்தி எத்தன நாளாச்சு? பன்னெண்டா? அப்ப உம்ம ரத்தத்துல ஓடுத தட்டணு அநேகமா எல்லாமே புதுசு. ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் வாய் மொளைச்சிருக்கும்.

அந்த மஞ்சளைத் தாரும். குளோபிடோகிரெல். இதுவும் தட்டணுவத்தான் பிடிக்கும், ஆனா வேற வாசல்ல. முதல் மாத்திரை கூப்பிடுத சத்தத்த அடைக்கும், இது கேக்குத காதை அடைக்கும். ரெண்டும் எதுக்குங்கீரா? ஸ்டென்ட்டுங்கது கம்பிவலை மாப்ளே. ரத்தத்துக்கு அது வெளியூரு ஆளு. ரத்தக்குழாயோட உள்தோலு வளந்து அந்தக் கம்பிய மூடுத மட்டும், தட்டணு அது மேல ஏறி ஒட்டத்தான் பாக்கும். இப்ப வைக்கிதது மருந்து தடவுன ஸ்டென்ட்டு. சதை மறுபடி வளந்து அடைச்சிரக் கூடாதுன்னு தடவுன மருந்து, அந்தத் தோலு மூடுததையும் தாமசப்படுத்தும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட்டு வச்சவங்களுக்கு வழக்கமா ஒரு வருசம் ரெண்டும், பொறவு ஆயுசுக்கும் ஒண்ணும் எழுதுவாவ. ரத்தக்கசிவு வாரவுகளுக்கு முன்னாலேயே ஒண்ணைக் குறைப்பாவ. அந்தக் கணக்க அவுக போடணும். ஸ்டென்ட்டுக்குள்ள திடீர்னு ரத்தம் உறையுத கேஸுல, பாதியில மாத்திரைய நிறுத்துதது ஒரு பெரிய காரணம். அதுக்கு முந்துன நாளு வரைக்கும் ஆளு சொகமாத்தான் இருப்பாரு. உம்ம மாதிரியே.

அந்தப் போனை எடும். மோரு பொறவு குடிக்கலாம். டாக்டருக்கு இப்பமே அடியும். பன்னெண்டு நாளுன்னு சொல்லும், ரெண்டு நாளுன்னு குறைச்சுச் சொல்லாதீரும், அங்க போயி பேரம் வேண்டாம்.

என்ன, ஏசுனாவளா? நல்லா ஏசுனாவளா? சாயங்காலம் வரச் சொல்லிட்டாவளா? ரொம்ப நல்லது. இனி நிம்மதியாக் கதை கேளும்.

உமக்கு ராசி என்ன, துலாமா? அதச் சொல்லும் மொதல்ல! 1988ல ஆக்ஸ்போர்டுகாரங்க ஒரு பெரிய ஆராய்ச்சி வெளியிட்டாவ. மாரடைப்போட வந்த 17,187 பேரு, பல தேசத்து ஆளுக. ஆஸ்பிரின் குடுத்தவங்கள்ல அஞ்சு வாரத்துக்குள்ள சாவு நாலுல ஒரு பங்குக்குக் கிட்டக் குறைஞ்சுட்டு. அதப் பத்திரிகையில போடப் போனா, "வயசு வாரியாப் பிரிச்சுக் காட்டுங்க, அந்த வாரியா இந்த வாரியாப் பிரிச்சுக் காட்டுங்க"ன்னு கேட்டிருக்காவ. கூறு போடக் கூறு போடக் கோட்டித்தனமான முடிவுதான் வரும்னு இவுகளுக்குத் தெரியும். சரி, பிரிச்சாப் போச்சுன்னு ராசி வாரியாவும் பிரிச்சுக் காட்டிட்டாவ! மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் வேலை செய்யல, மத்த பத்து ராசிக்கும் அமோகம்னு வந்துட்டு. பெரிய பத்திரிகையில அச்சாவும் வந்துட்டு. வேணும்னேதான் போட்டது, நையாண்டிக்கு. நம்ம சோசியருக்கு இந்தச் சேதி எட்டுனா பரிகாரத்துக்குத் தனி ரேட்டு போட்டுருவாரு. உமக்கு ஒண்ணுமில்ல, வெள்ளைக்காரன் ராசி பொறந்த தேதிய வச்சு, நம்ம ராசி நட்சத்திரத்த வச்சு. தப்பிச்சீரு.

இன்னொண்ணு. பல்லு பிடுங்கப் போறேன்னு ஒரு வாரத்துக்கு முன்னால தானாவே நிறுத்துத பழக்கம் ஊருல உண்டும். பல்லு டாக்டர்கிட்ட "எனக்கு ஸ்டென்ட்டு இருக்கு, இன்ன மாத்திரை போடுதேன்"னு சொல்லும். பல்லுல வாரது கொஞ்சம் ரத்தம், பஞ்ச அமுக்கி நிறுத்திருவாரு. நெஞ்சுக்குள்ள உறைஞ்சா அமுக்கப் பஞ்சு கெடையாது.

உம்ம அண்ணாச்சி ஒருத்தரு இருக்காருலா, நெஞ்சுல ஒரு குறையும் இல்லாம, "தம்பிக்கு நல்லதுன்னா எனக்கும் நல்லதுதான"ன்னு உம்ம அட்டையில இருந்து ஆஸ்பிரினப் பிச்சுப் போட்டுக்கிட்டு இருக்காரு. பங்காளிக எதுல ஒத்துமையா இல்லாட்டாலும் இதுல இருக்கீக, சந்தோசம். ஆனா 2018ல ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுலயும் பத்தொம்பதாயிரம் பெருசுககிட்ட இதையே சோதிச்சுப் பாத்தாவ. இதய நோயே இல்லாத, எழுவது தாண்டுன ஆளுக. ஆஸ்பிரினால ஆதாயம் ஒண்ணும் வரல, ரத்தக்கசிவுதான் கூடிச்சு. ஆஸ்பிரின் வயித்துத் தோலுக்குக் காவலா இருக்கத நொதியையும் சேத்துத்தான் கெடுக்கும். ஒமக்கு ஆதாயம் பெருசு, அதனால அந்த நட்டத்தத் தாங்கலாம். அண்ணாச்சிக்கு நட்டம் மட்டுந்தான்.

அடுத்தது எது? அட்டோர்வாஸ்டாட்டின். இதத்தான் நீரு முதல்ல நிறுத்துனது, என்ன? ரிப்போர்ட்டுல கொழுப்பு நார்மல்னு வந்துட்டு, அதனால நிறுத்தியாச்சு. சரிதான். மாத்திரை போட்டதால நார்மலு. நார்மலானதால மாத்திரை வேண்டாம். வேண்டாம்னதால பழையபடி ஏறும். திண்ணையச் சுத்தி ஓடுத பயலுக மாதிரி சுத்திக்கிட்டே இருக்கலாம், சாவுத மட்டும்.

"எண்ணெய நிறுத்திட்டேன், ஆட்டுக்கறிய நிறுத்திட்டேன், இன்னும் எங்கிருந்து கொழுப்பு வருது"ன்னு கேக்கீரு. ஈரல்ல இருந்து. ஒடம்புக்கு வேண்டிய கொலஸ்ட்ராலப் பெரும்பங்கு ஒடம்பே செஞ்சுக்கிடும், நீரு கஞ்சியும் தொவையலும் மட்டும் தின்னாலும். ஸ்டாட்டின் போயி ஈரல்ல அந்த வேலைய நடத்துத நொதிய மறிக்கும். கைச்சரக்கு குறைஞ்ச ஒடனே ஈரல் என்ன செய்யும்? ரத்தத்துல ஓடுத கெட்ட கொழுப்பப் பிடிச்சு உள்ள இழுக்குததுக்குத் தன் தோலு மேல கொக்கிகளக் கூட்டும். ரத்தம் தெளியும். அந்தக் கொக்கியக் கண்டுபிடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு பேருக்கு 1985ல நோபல் பரிசு குடுத்தாவ.

மாத்திரையக் கண்டுபிடிச்ச மனுசனுக்குக் குடுக்கல. அது எனக்கு இன்னைக்கும் ஆத்தாமைதான். அகிரா எண்டோன்னு பேரு. சப்பான்ல வெவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயசுலேயே காளான், பூஞ்சணம்னா உசுரு. பூஞ்சணத்துக்கு எதிரிக உண்டும், அந்த எதிரிகளோட கொலஸ்ட்ரால அறுத்துவிட அது ஏதாவது விஷம் செய்யாதான்னு யோசிச்சு, ஆறாயிரம் வகைக்குக் கிட்டத் தேடுனாரு. 1973ல கியோட்டோவுல ஒரு தானியக் கடை அரிசியில இருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்துல கிடைச்சுது. நம்ம வீட்டுல அரிசியில பூஞ்சணம் பிடிச்சா தங்கச்சி உம்மளத்தான் ஏசும். அங்க அத வச்சு உலகத்துக்கே மருந்து செஞ்சுட்டாரு. கொண்டு போயி எலிக்குக் குடுத்தா, எலிக்குக் கொழுப்பே குறையல. கம்பெனியில கைவிடப் பாத்தாவ. கூட வேலை பாத்த ஒருத்தர ஒரு நாள் குடிக்கிற கடையில பாத்துப் பேசி, முட்டைக்கோழிக்குக் குடுத்துப் பாப்போமான்னு கேட்டிருக்காரு. முட்டை போடுத கோழி கொலஸ்ட்ரால ஏகத்துக்கும் செய்யும்லா. கோழிக்குச் சரசரன்னு எறங்கிட்டு. குடிக்கிற கடையில ஒலகத்துக்கு ஒரு நல்லது நடந்திருக்கு பாரும். நம்ம ஊருல நடக்கலன்னா அது கடையோட குத்தம் இல்ல. அந்த மனுசன் 2024ல காலமானாரு, தொண்ணூறு வயசு. அவரு இருக்கும்போதே, 1994ல, இதய நோய் உள்ள 4,444 பேர வச்சு வடக்கு ஐரோப்பாவுல பாத்ததுல, இந்த வகை மாத்திரை போட்டவங்கள்ல சாவு நூத்துக்கு முப்பது குறைஞ்சுது. ரிப்போர்ட்டுத் தாள்ல ஒரு நம்பரு எறங்குதது பெருசு இல்ல மாப்ளே. குழாய்ச் சொவருல படிஞ்ச கொழுப்புக் கட்டி வெடிக்காம இறுகி அடங்கிக் கெடக்கும். வெடிச்சாத்தான ரத்தம் உறையும்.

தொடை வலிக்கா? வலிச்சாச் சொல்லும். சில பேருக்கு உண்மையிலேயே சதை வலி வரும். ரத்தத்துல ஒரு சோதனை பாத்து, அளவக் குறைச்சோ, ஆள மாத்தியோ குடுப்பாவ. ஆனா நாளு முழுக்க உளுந்துக் காட்டுல குனிஞ்சுட்டு வந்து ராத்திரி "ஸ்டாட்டின் இடுப்பப் பிடிச்சுட்டு"ன்னு சொன்னா, மாத்திரைக்குப் பேச வாய் இல்ல.

இது மெட்டோபுரோலால். இத நிறுத்துனதுதான் எனக்குக் கொலை நடுக்கமா இருக்கு. பயந்தா, கோவம் வந்தா, ஓடுனா அட்ரினலின் சுரக்கும். அது இதயத்துல பீட்டான்னு ஒரு இடத்துல போயி உக்காந்து சவுக்கு வீசும். இந்த மாத்திரை முந்திக்கிட்டுப் போயி அந்த இடத்துல உக்காந்துக்கிடும். ஜேம்ஸ் பிளாக்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரு யோசிச்ச யோசனை. அடைஞ்ச குழாய்க்குள்ள ரத்தத்தக் கூட்டி அனுப்பத்தான் எல்லாரும் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாவ. இவருதான், இதயத்துக்கு வேலையக் குறைச்சா அதுக்கு வேண்டிய ரத்தமும் குறைஞ்சிரும்லான்னு மாத்தி நெனைச்சாரு. 1960கள்ல புரோபிரனலால் வந்துது, 1988ல அவருக்கு நோபலும் வந்துது.

இதயம் பலம் குறைஞ்சு, பம்பு பண்ண மாட்டாம மூச்சு வாங்குத நோயாளிக்கு இந்தச் சரக்கு ஆகவே ஆகாதுன்னு ரொம்பக் காலம் தலையில அடிச்சுச் சொன்னாவ. தளந்தத இன்னும் தளத்தலாமா? 1975ல சுவீடன்ல ஏழே ஏழு பேருக்குத் துணிஞ்சு குடுத்துப் பாத்தாவ, தேறுனாவ. இருந்தும் யாரும் நம்பல, 1999 வரைக்கும் பெரிய பெரிய சோதனை எல்லாம் வந்த பொறவுதான் ஒத்துக்கிட்டாவ. நம்ம கிட்டக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்போம். பாரவண்டி இழுத்து மூச்சு வாங்குத மாட்ட தார்க்குச்சியால குத்துனா நாலு அடி வேகமாப் போகும், அஞ்சாவது அடியில படுத்துரும். நுகத்தடியத் தளத்தி, பைய நடக்கவிட்டா ஊரு போயிச் சேரும். அதே மாட்ட மாசக்கணக்காப் பையவே நடத்திட்டு, ஒரு நாள் மூக்கணாங்கயித்த மொத்தமா அத்துவிட்டா என்ன ஆகும்? அதத்தான் நீரு பன்னெண்டு நாளா செஞ்சிருக்கீரு. இந்த மாத்திரைய நிறுத்தணும்னா டாக்டரு படிப்படியாக் குறைச்சுத்தான் நிறுத்துவாரு. திடீர்னு நிறுத்துனா நாடி எகிறும், நெஞ்சு வலி திரும்பும், மாரடைப்பும் வரலாம். அதே போல ஆஸ்துமா உள்ளவன் உம்ம அட்டையில இருந்து கடன் வாங்கிப் போடவும் கூடாது. சர்க்கரைக்காரனுக்கு இன்னொரு விசயம்: சர்க்கரை எறங்குதப்ப வாரப் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மூடி மறைச்சிரும், வேர்வை ஒண்ணுதான் மிச்சம். சும்மா வேர்க்குதேன்னு விசிறிய எடுக்காம, சர்க்கரையப் பாக்கச் சொல்லும்.

இது டெல்மிசார்ட்டான். இதுக்குப் பாட்டன் பாம்பு! சிரிக்காதீரும். பிரேசில்ல சராராக்கான்னு ஒரு விரியன். கடிச்சா பிரசரு விழுந்து ஆளு சுருண்டுருவான். அந்த ஊரு விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா 1965ல அந்த விஷத்துக்குள்ள ஒரு சத்தப் பிரிச்சாரு, லண்டனுக்கும் கொண்டு போனாரு. அதுல கண்ட சூட்சுமத்த வச்சு அமெரிக்காவுல குஷ்மன், ஒன்டெட்டின்னு ரெண்டு பேரு கேப்டோபிரில்னு மாத்திரை செஞ்சாவ, 1981ல கடைக்கு வந்துட்டு. நம்ம சிறுநீரகம், ரத்தம் போதாதுன்னு நெனைச்சா ரெனின்னு ஒண்ணை அனுப்பும். அது கடைசியில ஆஞ்சியோடென்சின உண்டாக்கும், அந்த ஆஞ்சியோடென்சின் குழாயெல்லாம் இறுக்கும், உப்பத் தேக்கி வைக்கும். பிரசர் ஏறும். பாம்பு வழியில வந்த எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அந்த ஆஞ்சியோடென்சின உருவாகவே விடாது. ஆனா மறிக்கிற நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டும், அது நின்னதால சில பேருக்கு ஓயாத வறட்டு இருமல். நீரு முதல்ல ராமிப்ரில் போட்டு மூணு மாசம் இருமிக்கிட்டு, ஆடாதோடை, திப்பிலி, பனங்கற்கண்டு எல்லாம் நக்கிப் பாத்தீருலா? டாக்டர்ட்ட மட்டும் சொல்லல. தங்கச்சி சொல்லித்தான மாத்துனாவ. இந்த சார்ட்டான் வகை ஆஞ்சியோடென்சின உருவாக விடும், போயி உக்காருத இடத்த மட்டும் அடைச்சிரும். இருமல் இல்ல. ரெண்டு வகையும் பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது, சிசுவோட சிறுநீரகத்தக் கெடுக்கும்.

ரெண்டு வகையுமே பொட்டாசியத்த ஒடம்புல நிறுத்தும். இளநியில பொட்டாசியம் ஏராளம். சிறுநீரகம் நல்லா இருக்கவன் ஒண்ணு குடிச்சா ஒண்ணும் ஆயிராது. அது பழுதான ஆளு, இந்த மாத்திரையும் போட்டுக்கிட்டு, "இயற்கை பானம்"னு காலையில ஒண்ணு மத்தியானம் ஒண்ணு சீவிக் குடிச்சா, பொட்டாசியம் ஏறி இதயம் தாளம் தப்பும். உப்புக்குப் பதிலா விக்கானே சோடியம் குறைஞ்ச உப்பு, அதுலயும் பொட்டாசியந்தான். அதவிட மோசம் மூட்டு வலி ஊசி. குறுக்கு பிடிச்சா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயி ஒரு டைக்ளோபினாக் குத்திக்கிட்டு வாரீருலா, சார்ட்டானும், மூத்திரத்தக் கூட்டுத நீர் மாத்திரையும் கூடச் சேந்தா மூணுமா கைகோத்துக்கிட்டு சிறுநீரகத்த உண்டு இல்லன்னு பண்ணிரும். வயித்தால போய் ஒடம்புல தண்ணி வத்துன அன்னைக்கும், இத அப்படியே போடவான்னு போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடும்.

"நாட்டு மருந்துன்னா பக்கவிளைவு இல்ல"ன்னு நீரு ஆரம்பிக்கதுக்கு முன்னால நானே சொல்லிருதேன். சர்ப்பகந்தா நாட்டு மருந்துதான். பம்பாயில வக்கீல்னு ஒரு டாக்டரு 1949ல அது பிரசரக் குறைக்கத வெள்ளைக்காரன் பத்திரிகையிலேயே எழுதி ஒலகத்துக்குக் காட்டுனாரு. அதுல இருந்து எடுத்த ரெசர்பினை ஒரு காலத்துல அள்ளி அள்ளிக் குடுத்தாவ. பிரசரு எறங்குச்சு, சில பேருக்கு மனசும் சேந்து எறங்கிட்டு. வேலை செய்யுத மருந்து எதுவும் ஒரு வேலையோட நிக்காது.

தங்கச்சிக்கு என்ன, காலு வீக்கமா? கெண்டைக்குக் கீழ கட்டை வெரல வச்சு அமுக்கிப் பாத்தேன், குழி விழுந்து பையத்தான் மேல வந்துது. அது போடுதது அம்லோடிபின். கால்சியத்த மறிக்கிற மருந்துன்னு யாரோ சொல்லப் போயி, எலும்பு போயிரும்னு பயந்து பால இரட்டிப்பாக் குடிக்கிதாம். ஏன் தாயி! குழாய்ச் சொவத்துத் தசைக்குள்ள கால்சியம் நுழைஞ்சாத்தான் அது சுருங்கும். அந்த வாசல மட்டுந்தான் இது பாதி சாத்தும், குழாய் தளரும். எலும்புக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. வீக்கம் இந்த மாத்திரைக்குப் பழக்கந்தான், ஆனா சிறுநீரகமா இதயமான்னு பாத்துட்டு அவுகதான் சொல்லணும். வீக்கத்துக்கு நீராவே நீர் மாத்திரை வாங்கிக் குடுத்திராதீரும். அது உப்பையும் தண்ணியையும் வெளியேத்துத மாத்திரை, அம்லோடிபின் வீக்கத்துக்குப் பெருசா மசியாது. பொட்டாசியம் எறங்கும், பெருவெரலு மூட்டுல யூரிக் ஆசிட் வலி வேற வரும். அதையும் ராத்திரி குடுத்தீருன்னா, விடிய விடியக் கொல்லைக்கு லைட்டு பிடிக்கப்போறது நீருதான்.

மேலத்தெரு தபால்காரரப் பாத்தீருலா, வால்வு மாத்துனவரு. முருங்கைக்கீரையக் கண்டா ஓடுதாரு. அவரு போடுதது அசிட்ரோம், வார்ஃபரினோட சொந்தக்காரன். இவுக கதையக் கேளும். அமெரிக்காவுல 1920கள்ல மாடுகளாச் செத்துது. கொம்ப அறுத்தாலே ரத்தம் நிக்காம ஓடிச் சாவும். பூத்துப் போன வைக்கோல், ஒரு வகை மணக்குத தீவனம், அதுதான் காரணம்னு தெரிஞ்சுது. 1933ல விஸ்கான்சின்ல ஒரு சம்சாரி, பனிப்புயலுக்குள்ள, செத்த கிடாரியையும் பால் கேன்ல உறையாத ரத்தத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு கார்ல் லிங்க்னு ஒரு விஞ்ஞானி வாசல்ல வந்து நின்னான். அந்தப் பால் கேன்ல இருந்து பிடிச்சுக்கிட்டுப் போயித்தான் சரக்கப் பிரிச்சாவ. 1948ல எலி மருந்தா வித்தாவ, 1954ல மனுசனுக்கு அனுமதிச்சாவ, அடுத்த வருசம் மாரடைப்பு வந்த அமெரிக்க சனாதிபதி ஐசனோவருக்கே குடுத்தாவ. ரத்தம் உறைய வைட்டமின் கே வேணும், அந்த வைட்டமின மறுபடி மறுபடி புதுப்பிக்கிற நொதிய இது மறிக்கும். கீரையில அந்த வைட்டமின் நெறைய. அதனால ஒரு வாரம் கீரையே இல்லாம, மறுவாரம் அகத்தியும் முருங்கையும் கட்டுக் கட்டாத் தின்னா அளவு ஆடும். எப்பவும் ஒரே அளவாத் தின்னா அந்த அளவுக்குத் தக்க மாத்திரைய அவுக சரி பண்ணிருவாவ. ஐ.என்.ஆர்.னு ரத்தச் சோதனை அதுக்குத்தான். மாசா மாசம் கையில குத்துதாவன்னு, குத்தாத புது மாத்திரை இருக்காமேன்னு தபால்காரரு கேட்டாரு. இருக்கு. இரும்பு வால்வு வச்சவருக்கு ஆகாது. பேசாமக் கையக் குடும்னுட்டேன்.

மிச்சம் என்ன இருக்கு? ஆ, இது. சார்பிட்ரேட். நாக்குக்கு அடியில வைக்கிதது. ஆல்பிரட் நோபலு நைட்ரோகிளிசரின வச்சு டைனமைட்டு செஞ்சு பணக்காரனானாரு. கடைசிக் காலத்துல அவருக்கு நெஞ்சு வலி வந்தப்ப டாக்டரு எழுதுனது என்ன? அதே நைட்ரோகிளிசரினு! இதெல்லாம் ஒடம்புக்குள்ள நைட்ரிக் ஆக்சைடா மாறிக் குழாயத் தளத்தும், இதயத்துக்குத் திரும்பி வார ரத்தத்தக் குறைக்கும், பாரம் எறங்கும். நின்னுக்கிட்டு வைக்காதீரும், பிரசரு விழுந்து நீரும் விழுவீரு. உக்காந்து வையும். தலை வலிச்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். அஞ்சு நிமிசத்துல வலி போகலன்னா 108க்கு அடிச்சிரும். போன தடவை மாதிரி, வாயுன்னு சொல்லி ரெண்டு சோடாவும் ஓமத்திரவமும் குடிச்சு மூணு மணி நேரம் ஏப்பத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காதீரும். இப்பம் 2023ல இருந்து "இதயம் காப்போம்"னு திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்துலேயே 14 மாத்திரைய ஒண்ணாக் குடுத்து அனுப்புதாவ: ஆஸ்பிரின் ரெண்டு, குளோபிடோகிரெல் நாலு, கொழுப்பு மாத்திரை எட்டு. எல்லாம் உம்ம டப்பாவுல இருக்கத அதே சாமிகதான்.

டப்பா முடிஞ்சுட்டுங்கீரு. அப்ப அந்த ஓரத்துல, அல்வாத் தாளுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கத நீலம் யாரோடது? நான் ஒண்ணும் கேக்கல. பேத்திகிட்டயும் சொல்லல. அதுவும் நெஞ்சு வலிக்குன்னு இங்கிலாந்துல ஆரம்பிச்ச மருந்துதான், சோதனைக்கு வந்த ஆம்பளைக வேற சேதி சொல்லப் போயி, 1998ல வேற காரியத்துக்குக் கடைக்கு வந்துட்டு. அது போட்ட ஒரு நாளைக்குள்ள சார்பிட்ரேட்ட நாக்குக்கு அடியில வச்சா, ரெண்டும் ஒரே வழியில குழாயத் தளத்தி, பிரசரு பாதாளத்துக்குப் போயிரும். அந்த வகையிலேயே இன்னொண்ணு ரெண்டு நாளைக்கு ஒடம்புல நிக்கும். ஆம்புலன்ஸ்காரன் கேட்டாலும் மறைக்காமச் சொல்லணும், இன்னைக்குச் சாயங்காலம் டாக்டர்கிட்டயும் சொல்லணும். சாயங்காலம் பாக்குத டாக்டரம்மா சின்னப் பொண்ணு, வெக்கமா இருக்குங்கீரா? வாயால சொல்ல வேண்டாம், ஒரு சீட்டுல எழுதி நீட்டும். நம்ம கையெழுத்தப் பாத்து அவுகளும் ஒரு தடவை முழிக்கட்டும்.